மக்கள் நடுவே நீதிபதி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோம். சமய நெறி பேசுவோம். தமிழின் தொன்மை பேசுவோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. ஊர் நீதிபதி ஒருவர் தம் நாற்காலியை விட்டெழுந்து, ஊதியம் கருதாது, இளைஞரிடத்தும் எளியோரிடத்தும் சென்று ஆற்றும் தொண்டே அப்பொருள். நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் அச்சம் பிறக்கிறது. "கோர்ட்டுப் படி ஏறாமல் வாழ்நாளைக் கழித்துவிட்டேன்" என்பதைப் பெருமையாகச் சொல்லும் முதியோர் நம்மிடையே பலர். அந்த அச்சத்தின் வேர் யாது, அதனைக் களையும் வழி யாது என்று எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிலப்பதிகாரம் நாம் அனைவரும் அறிந்த காப்பியம். அதனை யாத்த இளங்கோவடிகளைச் சேரர் குடியினர் என்று மரபு கூறும். ஆகவே நாம் இன்று வாழும் இந்நாட்டிற்கும் அக்காப்பியத்திற்கும் பிறப்புறவு உண்டு. அதில் கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்று வழக்குரைக்கின்றாள். அவள் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தவள். வேற்று நாட்டுக் குடி. கணவனை இழந்து தனித்தவள். அவளுக்காக வாதாட வக்கீல் இல்லை. கையிலிருந்த ஒற்றைச் சிலம்பே சான்று. ஆயினும் வழக்கு வென்றது. மெய் அவள் பக்கம் இருந்தது என்பது ஒரு காரணம். அவள் பேசியது அரசனுக்கும், அரசன் பேசியது அவளுக்கும் விளங்கிற்று என்பது மற்றொரு காரணம். முதற் காரணத்தை நாம் மேடைதோறும் பேசுகின்றோம், இரண்டாவதைப் பேசுவதில்லை. எல்லையோரத்தில் வாழும் நமக்கோ அந்த இரண்டாவது காரணமே பெரிது.

எல்லையில் வாழும் நாம்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தென்கோடியில் இருப்பது பாறசாலை. பாறசாலையைக் கடந்தால் இஞ்சிவிளை. அதனை அடுத்துக் களியக்காவிளை. அங்கே தமிழகம் தொடங்குகின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன் இந்த எல்லைக்கோடு இல்லை. இருபுறமும் ஒரே திருவிதாங்கூராக இருந்தது. மாநிலங்களைத் திருத்தி அமைக்க 1953-இல் நிறுவப்பட்ட குழுவுக்கு நீதிபதி பசல் அலி தலைவர். அக்குழுவின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. வழக்கறிஞர் நேசமணி முதலியோர் நெய்யாற்றின்கரையையும் கேட்டனர். அது கேரளத்திலேயே நின்றது.

கோடு வரைவது எளிது; குடும்பங்களைக் கூறுபோடுவது எளிதன்று. அண்ணன் வீடு விளவங்கோட்டில், தம்பி வீடு பாறசாலையில். பெண்ணை எடுத்தது இப்பக்கம், கொடுத்தது அப்பக்கம். தோட்டம் ஒரு மாநிலத்தில், குடியிருப்பு மற்றொரு மாநிலத்தில். சொத்துத் தகராறு என்று வந்தால் ஒருவர் குழித்துறை நீதிமன்றத்திற்கும் மற்றவர் நெய்யாற்றின்கரை நீதிமன்றத்திற்கும் நடக்க வேண்டியிருக்கின்றது.

எல்லை பிறப்பதற்கு முன்னரே இங்கு வாழ்ந்த தமிழர் பலர். பாலராமபுரத்து நெசவுத் தெருக்களைப் பாருங்கள். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மன்னர் காலத்தில், உம்மிணித்தம்பி தளவாயின் முயற்சியால், தெற்கிலிருந்து அழைத்து வரப்பெற்ற சாலியர் குடிகள் அங்கே தறி நாட்டினர். அவர்கள் கைத்திறனால் ஓர் ஊரே புகழ் பெற்றது. பின்னர் வாணிகத்திற்கும் கட்டட வேலைக்கும் உத்தியோகத்திற்கும் வந்து காலனிகளில் குடியமர்ந்தோர் நாம். முன் வந்தோராயினும் பின் வந்தோராயினும் நம் அனைவர்க்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு. அது அரசாங்கத் தாளில் இருக்கின்றது.

மலையாளம் நமக்கு அயல்மொழி அன்று, உடன்பிறந்த மொழி. சந்தையிலும் பேருந்திலும் அதனைப் பேசித்தான் வாழ்கின்றோம். ஆனால் உடன்பிறந்த மொழி என்பதாலேயே ஒரு பெரிய மயக்கம் உண்டாகின்றது. ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்கள் நீதிமன்றத் தாள்களில் நிறைந்துள்ளன. தமிழில் அவகாசம் என்றால் காலம், தவணை. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. தமிழில் பிரதி என்றால் நகல். அங்கே பிரதி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். தமிழில் விதி என்பது ஊழையும் சட்டவிதியையும் குறிக்கும்; அங்கே நீதிபதியின் தீர்ப்புக்கே விதி என்று பெயர். தமிழில் ஆதாரம் என்றால் சான்று. அங்கே ஆதாரம் என்றால் பதிவு செய்த பத்திரம்.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஒருவர் தமக்கு வந்த தாளைப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றார். "அவகாசம்" என்ற சொல் காதில் விழுகின்றது. "நமக்குத் தவணை கொடுத்திருக்கின்றார்கள்" என்று நினைத்து வீட்டில் இருந்து விடுகின்றார். உண்மையில் அத்தாளோ, "உமது உரிமையை நிலைநாட்ட இந்நாளில் வருக" என்று அழைத்திருக்கலாம். அந்நாள் கழிகின்றது; அவரைக் கேளாமலே வழக்கு முடிகின்றது. வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்த்த மூன்று சென்ட் நிலம் ஒரு சொல்லின் மயக்கத்தால் கைநழுவிப் போகக் கூடும். இதனை ஊழ் என்று சொல்லி அழுவதா? ஊழ் அன்று, எழுத்தறியாமை. எழுத்தறியாமையை மனிதர் நீக்கலாம்.

மாயூரத்து முன்சீப்

இந்த நோய்க்கு மருந்து கண்ட தமிழ் நீதிபதி ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே வாழ்ந்தார். அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857-இல் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடியிலும், பின் சீர்காழியிலும், மாயூரத்திலும் நீதி வழங்கினார். மொழிபெயர்ப்பாளராக இருந்து நீதிபதியானவர் என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். மக்கள் பேசும் மொழிக்கும் நீதிமன்றம் எழுதும் மொழிக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அவர் தம் கண்ணால் கண்டவர்.

கண்டு வாளா இருந்தாரல்லர். அக்காலத்துச் சதர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரால் 1862-இல் வெளியிட்டார். இதனைச் செய்யும்படி எவரும் ஆணையிடவில்லை. நீதிமன்ற வேலை முடிந்த பின் கிடைத்த பொழுதில், தாமே விரும்பிச் செய்த தொண்டு அது. 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பது நாம் பள்ளியில் படித்த செய்தி. அந்நாவலில், தமிழ் நாட்டு நீதிமன்றத்தில், தமிழ் நீதிபதியின் முன், தமிழ்க் கட்சிக்காரருக்காக, தமிழ் வக்கீல் ஆங்கிலத்தில் வாதிடுவதை அவர் எள்ளி நகையாடியதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இளைஞர்க்காக அவர் செய்ததும் மிகுதி. முன்சீப் ஆன இரண்டே ஆண்டில், 1859-இல், 'நீதிநூல்' பாடினார். குற்றம் செய்தவனைத் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. குற்றம் செய்யாதிருக்கக் கற்பிப்பது எவர் வேலை என்ற வினாவுக்கு அந்நூலே அவர் தந்த விடை. கையூட்டு வாங்குவோரை அதில் கடிந்து பாடினார். தாமும் அக்கறை படியாமல் வாழ்ந்து காட்டினார். பெண் கல்வியை வற்புறுத்திப் 'பெண்மதி மாலை' இயற்றினார். மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி நிறுவினார். பெண்ணைப் படிக்க வைப்பதைப் பலரும் பழித்த காலம் அது என்பதை மறத்தலாகாது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் வழியாகக் கேட்டிருக்கின்றோம். அப்போது அவர் நீதிபதிப் பதவியில் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோரைக் காத்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையைப் போற்றிப் பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். வேதநாயகர் கிறித்தவர், பாரதியாரும் மகாவித்துவானும் சைவத்தில் தோய்ந்தவர்கள். சமயம் அவர்களைப் பிரிக்கவில்லை. தமிழும் அறமும் அவர்களை இணைத்தன. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் நம் எல்லைக் கிராமங்களுக்கு இதுவும் ஒரு பாடம்.

1889-இல் அவர் மறைந்தார். அவர் எழுதிய தீர்ப்புகளை இன்று யார் அறிவார்? நீதிமன்றத்திற்கு வெளியே அவர் செய்த பணியே அவர் பெயரை நிறுத்தியிருக்கின்றது.

கருணை சட்டமான வரலாறு

வேதநாயகரின் தொண்டு ஒரு மனிதரின் அருளாக இருந்தது. அம்மனிதர் மறைந்தால் தொண்டும் மறையும். அருள் சட்டமாக வேண்டுமானால் காலம் கனிய வேண்டும். அதைக் கனியச் செய்தவர்களில் ஒருவர், நம் கேரளத்தில் பாலக்காட்டுத் தமிழ்க் குடியில் தோன்றிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர்.

தலச்சேரியில் வக்கீலாக இருந்து, 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்ட அமைச்சராகி, 1968-இல் கேரள உயர் நீதிமன்றத்திலும், 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக விளங்கியவர். ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்கும் முறையை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1973-இல் அறிக்கை தந்தார். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்தின் வழியாக, வறுமை காரணமாக எவர்க்கும் நீதி மறுக்கப்படலாகாது என்னும் 39ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. 1987-இல் சட்டப் பணிகள் அதிகாரச் சட்டம் நிறைவேறியது. 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வு பெற்ற பின் கொச்சியில் கிருஷ்ணய்யர் வாழ்ந்த இல்லத்தின் கதவு, குறை சொல்ல வருவோர்க்குத் திறந்தே இருந்தது. 2014 டிசம்பரில் அவர் மறைந்தபோது எளிய மக்கள் தம் வீட்டுப் பெரியவரை இழந்தவர்போல் வருந்தினர்.

அச்சட்டத்தின் பயனாக இன்று தாலுகாதோறும் சட்டப் பணிகள் குழு ஒன்று உண்டு. அத்தாலுகாவின் மூத்த நீதிபதியே அதன் தலைவர். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர், வெள்ளம் போன்ற பேரிடரால் தாக்குண்டோர் ஆகியோர்க்கு வக்கீல் செலவின்றிச் சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த ஏனையோர்க்கும் உண்டு. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பாராமலே உதவி உண்டு என்பதைத் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினாலும் வழிகாட்டுவார்கள்.

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தையும் இக்குழுவே கூட்டுகின்றது. அங்கே இருதரப்பாரும் மனமொத்தால் வழக்கு முடியும், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அங்கு பிறக்கும் முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உண்டு, மேல்முறையீடு இல்லை. மேல்முறையீடு இல்லை என்பதால், ஒப்பமிடுமுன் ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்வது மும்மடங்கு இன்றியமையாதது. இங்கேதான் மொழிக் கேள்வி மீண்டும் நம்முன் வந்து நிற்கின்றது.

இளைஞரும் நீதியும்

வழி தவறிய சிறுவனைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லைப்புறம் என்றால் கடத்தல் தொழிலுக்குச் சிறுவரைப் பயன்படுத்தும் கயவரும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் பிடிபட்டால் அவன் செல்வது பெரியோர் நிற்கும் குற்றவாளிக் கூண்டுக்கன்று. சிறார் நீதிக் குழுமத்துக்கு. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குழுமத்தில் மாஜிஸ்திரேட் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். குழந்தையை அச்சுறுத்தாத முறையில் அவ்விடம் அமைய வேண்டும். அங்கே வழங்கும் மொழி சிறுவனுக்கு விளங்காவிடின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கின்றது. நீதிபதி தனியே அமராமல், சமூகப் பணியாளர் இருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, தந்தையைப்போல் பேசும் இடம் அது. இதனை அறியாத பெற்றோர், வெட்கத்தாலும் அச்சத்தாலும் மகனைக் கைவிட்டு ஒதுங்குகின்றனர். கைவிடப்பட்டவன் மீள்வது அரிது.

நீதிபதி பள்ளிக்கு வந்து மாணவரோடு பேசும்போது, மாணவர் மனத்தில் ஒரு மாறுதல் நிகழ்கின்றது. இதுகாறும் நீதிபதி என்பவர் தண்டிப்பவர். அன்று முதல் அவர் கேட்பவர், விளக்குபவர். அந்த ஒரு மணி நேரம் பத்து ஆண்டு கழித்துப் பயன் தரும். ஆனால் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். நம்மிடையே வந்து பேசும் நீதிபதியிடம் நம் சொந்த வழக்கைப் பற்றிப் பேசலாகாது. மாலை அணிவித்துச் சலுகை எதிர்பார்ப்பதும் தகாது. துலாக்கோல்போல் ஒருபால் சாயாதிருத்தலை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வற்புறுத்தினார். நீதிபதியின் ஊர்த்தொண்டு நிலைக்க வேண்டுமானால், அவருடைய நடுவு நிலைமைக்கு நாமே காவலாக இருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

அன்பர்களே! நீதிபதி ஒருவர் எத்துணை நல்லவராயினும், எத்துணை வீதி நடந்தாலும், நம் தாய்மார் பேசுவது அவருக்கும் அவர் எழுதுவது நம் தாய்மாருக்கும் விளங்காவிடில் தொண்டு பாதி வழியில் நின்றுவிடும். மறுபாதியை நிறைவு செய்ய வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கும் நம் இளைஞர்கள். அவர்கள் மலையாளத்தைப் பள்ளியில் பயில்கின்றனர். தமிழை வீட்டில் பேசுகின்றனர். இரு கரைக்கும் பாலமாக நிற்க அவர்களைவிடத் தக்கார் யார்?

சட்டப் பணிகள் குழுக்கள் தன்னார்வச் சட்டத் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி அளிக்கும் திட்டம் 2009 முதல் நாடெங்கும் நடைபெறுகின்றது. ஆசிரியர், ஓய்வு பெற்ற அலுவலர், சட்டம் பயிலும் மாணவர் முதலியோர் அதில் சேரலாம். நம் காலனிகளிலிருந்து ஆண்டுக்கு இருவரேனும் முன்வர வேண்டும். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நன்று. பெண்கள் தம் துயரைப் பெண்ணிடமே மனம் திறந்து சொல்வர்.

சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒரு மேசை போடுவோம். வரும் தாளைப் படித்துத் தமிழில் விளக்கிச் சொல்வோம். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. வக்கீல் தொழில் செய்வதும் நம் வேலை அன்று. "இதில் இன்னது எழுதியிருக்கின்றது, இந்நாளில் போக வேண்டும், இவரைக் காண வேண்டும்" என்று சொன்னால் போதும். அவகாசம், பிரதி, விதி, ஆதாரம் போன்ற சொற்களைத் தொகுத்து, இரு மொழிப் பொருளையும் எழுதி, சிறு ஏடாக்கி வீட்டுக்கு ஒன்று கொடுப்போம். வேதநாயகர் ஐம்பத்தேழு ஆண்டுத் தீர்ப்புகளைத் தனி ஒருவராகத் தமிழாக்கினார். ஒரு சங்கமே கூடி நூறு சொற்களுக்குப் பொருள் எழுத இயலாதா?

உரிமையையும் மறவாதிருப்போம். எந்த நாளில் இந்த எல்லை பிறந்ததோ, அதே 1956 நவம்பர் முதல் நாளில், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்னும் 350ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. குறை தீர்க்கும் முறையீட்டை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று 350-ஆவது பிரிவு கூறுகின்றது. தமிழரும் கன்னடரும் தம் மொழியில் அரசோடு எழுத்துப் போக்குவரத்து நடத்த 1969-இல் கேரளம் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டமே இடம் வகுத்தது. குற்ற வழக்கில் நிற்பவருக்கு விளங்காத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது; 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் இருக்கின்றது. கேட்டால் கிடைக்கும் உரிமைகள் இவை. கேட்க வேண்டும் என்று அறியாதவருக்கு எவர் கொடுப்பார்?

உரிமையைக் கேட்பது பகைமை ஆகாது. இந்த மண்ணின் மக்கள் நமக்கு இடம் தந்தவர்கள். நெய்யாற்றங்கரையின் அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு எழுப்பிய சமத்துவக் குரல் நமக்காகவும் எழுந்த குரலே. ஆகவே நம் பிள்ளைகள் மலையாளத்தைப் பிழையறக் கற்கட்டும். தமிழையும் எழுதவும் படிக்கவும் கற்கட்டும். ஒன்றை மட்டும் கற்றவன் தன் வீட்டுக்கு உதவுவான். இரண்டையும் கற்றவன் ஊருக்கே உதவுவான்.

கண்ணகி தன் சொல்லால் நீதி பெற்றாள். நம் காலனியில் கைம்பெண் ஒருத்தி, கையில் ஒரு தாளோடு, "இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று கேட்கும்போது, விடை சொல்ல ஒரு தம்பியோ தங்கையோ அங்கே இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அப்படி இருவரை நம் சங்கம் உருவாக்கிவிட்டால், இந்த மேடையில் நாம் பேசிய பொழுது வீண்போகவில்லை என்று மகிழலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!